மொய்யா, மகமையா? (கோட்டு போட்ட நெட்வொர்க்கிங் மேல கொஞ்சம் கோபம்)

மக்களே, கொஞ்ச நாளா வாட்ஸ்அப்ல ஒரு பத்துக் கட்டளை சுத்திக்கிட்டே இருக்கு. 'தொழில்முறைச் சந்திப்புகளில் நல்ல தொடர்புகளை உருவாக்கிக்கொள்வது எப்படி?' அப்படின்னு தலைப்பு. கையை அழுத்திக் குலுக்கு. கண்ணைப் பார்த்துப் பேசு. முப்பது செகண்டுல உன் தொழிலைச் சொல்லி முடி. இருபது கார்டு கொடு, இருபது கார்டு வாங்கு. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி'ன்னு மெசேஜ் தட்டு. ஒரே நாள்ல மூணு குரூப்ல மூணு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. மூணு பேருமே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆளுங்க. ஒருத்தர் மில்லு சாமான் யாவாரம், ஒருத்தர் இன்சூரன்ஸ், இன்னொருத்தர் என்ன செய்யறாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனா கார்டு மட்டும் பளபளன்னு இருக்கும் :-)

எனக்கு இந்தப் பத்துக் கட்டளை மேல கோபம் இல்ல. கையை அழுத்திக் குலுக்கறதால யாருக்கும் நஷ்டமில்ல. இந்தக் கட்டளைகளைச் சுமந்துக்கிட்டு நம்ம ஊர்ப் பக்கமும் வந்து இறங்கியிருக்கே ஒரு கூட்டக் கலாச்சாரம், அதோட கணக்குலதான் எனக்குச் சண்டை. கைகுலுக்கல்ல தப்பில்ல, கணக்குலதான் தப்பு. அதைத்தான் இந்தப் பதிவுல போட்டு உடைக்கப் போறேன். நீளமான பதிவு, டீ சொல்லிட்டு உட்காருங்க.

முதல்ல அந்த முப்பது செகண்டு

'லிப்ட் பிட்ச்'னு சொல்றாங்க. அதாவது பெரிய முதலாளி ஒருத்தரோட நீங்க லிப்டுல மாட்டிக்கிட்டா, அவர் மாடி வர்றதுக்குள்ள உங்க தொழிலைச் சொல்லி அவரைக் கவுத்துடணும். சரிங்க, இராஜபாளையத்துல லிப்டு வச்ச கட்டடம் எத்தனை? அதுல முதலாளி ஏறுற லிப்டு எத்தனை? எண்ணிச் சொல்றவங்களுக்கு அரைக் கிலோ பால்கோவா என் செலவு.

நம்ம ஊர்ல லிப்டு கிடையாது, பஸ்சு உண்டு. இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்க அரை மணி. பக்கத்துல உட்கார்ந்தவர் முதல் பத்து நிமிஷம் ஜன்னலைப் பார்ப்பார். அடுத்த அஞ்சு நிமிஷத்துல 'எங்க போறீக?'ன்னு கேட்பார். 'கோர்ட்டுக்கு'ன்னு சொன்னீங்கன்னா போதும், இறங்கறதுக்குள்ள அவரோட பத்து வருஷ சிவில் கேசு, வக்கீல் பேரு, எந்த டைப்பிங் கடையில மனுவுல எழுத்துப்பிழை வராதுங்கறது வரைக்கும் வந்துடும். விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கறதால சிவகாசிக்காரரும், சாத்தூர்க்காரரும், அருப்புக்கோட்டைக்காரரும் என்னிக்காவது ஒருநாள் அங்க வந்து நின்னுதான் ஆகணும். கோர்ட்டு வாசல் டீக்கடையில ஒரு மணி நேரம் நின்னா மாவட்டத்துல எந்தத் தொழில் ஓடுது, எந்தத் தொழில் படுத்துடுச்சுன்னு தெரிஞ்சிடும். கட்டணம்? ஒரு டீ, ஒரு வடை.

இதை ஏன் சொல்றேன்னா, நமக்குத் தொடர்பு உருவாக்கத் தெரியாதுன்னு ஒரு நினைப்போடத்தான் அந்தக் கட்டளைகள் எழுதப்படுது. நமக்கு அது தெரியும் சாமி. நல்லாவே தெரியும். நாம சரி செய்ய வேண்டிய கோளாறு வேற.

கூட்டம் எப்படி நடக்குது?

1985-ல அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல, இவான் மிஸ்னர்னு ஒருத்தர் பி.என்.ஐ. அமைப்பை ஆரம்பிச்சார். (அதே 1985-லதான் இராமநாதபுரத்தை உடைச்சு நம்ம விருதுநகர் மாவட்டமும் உருவாச்சு. சும்மா ஒரு தகவலுக்கு!) இன்னிக்கு உலகம் முழுக்க, இந்தியா முழுக்க அது பரவியிருக்கு. அதைப் பார்த்து, அதே மாதிரி நடக்கற வேற பல குழுக்களும் இருக்கு. சில குழுக்கள் வெளிப்படையா ஒரே சாதிக்காரங்களுக்கு மட்டும்.

இந்த மாதிரியில முக்கியமான விஷயம் நாலு. ஒண்ணு, வாராவாரம் கூடணும், பெரும்பாலும் காலை ஏழு மணி, டிபனோட. ரெண்டு, ஒரு குழுவுல ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். ஒரு ஆடிட்டர், ஒரு பெயிண்ட் கடை, ஒரு பால்கோவா கடை. மூணு, ஒவ்வொருத்தரும் எழுந்து ஒரு நிமிஷம் தன் தொழிலைச் சொல்லணும். நாலு, ஒருத்தருக்கொருத்தர் ஆள் பிடிச்சுக் கொடுக்கணும். யார் யாருக்கு எத்தனை ஆள் அனுப்பினாங்க, அதுல எத்தனை ரூபாய் யாவாரம் ஆச்சுங்கறதுக்குக் கணக்கு உண்டு. கொடுத்தா கிடைக்கும்ங்கறதுதான் தாரக மந்திரம்.

கேட்க நல்லாத்தானே இருக்கு? எனக்கும் முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அட, இது நம்ம பழைய சரக்காச்சேன்னு தோணிச்சு.

இதுக்குப் பேரு மொய்யி

கல்யாண மண்டப வாசல்ல மேஜை. மேஜைக்குப் பின்னாடி கையெழுத்து நல்லா இருக்கற மாமா ஒருத்தர். நோட்டு, பேனா, மஞ்சப்பை. பேரு, ஊரு, தொகை. கல்யாணம் முடிஞ்ச ராத்திரி அந்த நோட்டைப் பிரிச்சு வச்சு வீடே உட்காரும். 'அவுக வீட்டுக் காதுகுத்துக்கு நாம ஐநூறு செஞ்சோம், நமக்கு முந்நூறு எழுதிட்டுப் போயிருக்காக பாரு!' அந்த நோட்டு பீரோவுல, பத்திரத்தோட பத்திரமா இருக்கும்.

மொய்யைக் கேலி பண்ற ஆள் நான் இல்ல. பேங்க்காரன் திரும்பிப் பார்க்காத குடும்பத்துக்கு வட்டியில்லாம ஒரே நாள்ல பணம் திரட்டிக் கொடுக்கற ஏற்பாடு அது. ஆனா அதுக்குள்ள ஒரு முள்ளு இருக்கு. திருப்பிச் செய்ய முடிஞ்சவனுக்குத்தான் மொய். திருப்பிச் செய்ய வழியில்லாதவன் நோட்டுல பேர் ஏறக்கூடாதேன்னு கல்யாணத்துக்கே வரமாட்டான். வந்தாலும் பந்தியில உட்காராம வாசலோட போயிடுவான்.

இந்த நெட்வொர்க்கிங் கூட்டங்கள் கோட்டு போட்ட மொய் விருந்து. நீ எனக்கு ரெண்டு ஆள் அனுப்பு, நான் உனக்கு ரெண்டு ஆள் அனுப்பறேன். அனுப்பறதுக்கு ஆளே தெரியாதவன் என்ன செய்வான்? புதுசா தொழில் ஆரம்பிச்சவனுக்குத் தொடர்பு இல்லைங்கறதாலதானே அவன் அங்க வர்றான்? அவன்கிட்டயே 'நீ எத்தனை தொடர்பு கொடுத்தே?'ன்னு கேட்டா? முடி இல்லாதவன்கிட்ட சீப்பு கொண்டு வந்தியான்னு கேட்ட கதைதான். அவ்வ்வ்வ்...

வாசல்ல நின்னவன்

பேர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம், நம்ம பக்கத்துல நடந்த ஒரு கூட்டம். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன், அப்பா தறி ஓட்டினவர், இவன் ரெண்டு செகண்ட் ஹேண்ட் விசைத்தறி வாங்கிப் போட்டு பேண்டேஜ் துணி ஓட்டறான். பார்வையாளர் கட்டணம் கட்டி, இஸ்திரி போட்ட சட்டையில வந்திருந்தான். அவனோட ஒரு நிமிஷத்துல அழகாத்தான் பேசினான். பேசி முடிச்சதும் அவனை முதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? மீட்டர் என்ன விலைன்னு இல்ல. மாசம் எவ்வளவு ஓட்டுவேன்னு இல்ல. 'தம்பி யாரு வீட்டுப் பையன்? எந்தத் தெரு?'

எந்தத் தெருன்னு கேட்டா நம்ம ஊர்ல என்ன கேட்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். நான் வேற விளக்கணுமா?

பதில் சொன்னான். சிரிச்சாங்க, கார்டு கொடுத்தாங்க. கத்தையா கார்டோட போனான். அடுத்த ஆறு மாசத்துல ஒரு போன் வரல. இவனே போன் பண்ணினா 'சொல்றேன் தம்பி'. அந்தக் கூட்டத்துல எல்லா மேஜைக்கும் போய் எல்லார்கிட்டயும் நாலு வார்த்தை பேசின ஒரே ஆளு யாருன்னா, காபி கொடுத்த பையன்.

இதுல காலை ஏழு மணி வேற! ஏழு மணிக்கு ஓட்டல் டிபனுக்கு யாரால வர முடியும்? வீட்டுல டிபன் யாரோ செஞ்சு, பிள்ளைகளை யாரோ கிளப்பி விடறவரால வர முடியும். தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கறதுல எத்தனை பொம்பளைங்க கை இருக்கு! பத்து மெஷின் போட்டு யூனிட் நடத்தற அக்கா ஒருத்தங்களை 'நீங்க ஏன் வர்றதில்ல?'ன்னு கேட்டேன். 'ஏழு மணிக்கு என் வீட்டு அடுப்பு உங்க சங்கத்துக்கா வரும்?'னு திருப்பிக் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா பின்னூட்டத்துல போடுங்க.

ஒரு தொழிலுக்கு ஒரே ஆளா?

எனக்கு ரொம்பக் கடுப்பு இந்த விதி மேலதான். போட்டியாளன் உள்ள வரக்கூடாதாம். கேட்க புத்திசாலித்தனமா இருக்கும். நம்ம ஊர்த் தொழில்களைப் பார்த்தா இதைவிட முட்டாள்தனமான விதி கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்குங்க. கோயிலைச் சுத்தி, பஸ் ஸ்டாண்டைச் சுத்தி எத்தனை கடை! ஒவ்வொருத்தரும் அடுத்தவருக்குப் போட்டி. ஆனா வெளியூர்க்காரன் வாங்கறது ஒரு கடையோட பேரை இல்ல, ஊரோட பேரை. 2019-ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. 1999-ல வந்த சட்டப்படி புவிசார் குறியீடுங்கறது ஒரு தனி முதலாளியோட சொத்து ஆகாது. அந்த மண்ணுல, சொன்ன முறைப்படி, செய்யறவங்க எல்லாருக்கும் பொது. அப்போ பால்கோவாக்காரருக்கு மிகப் பெரிய சொத்து எது? பக்கத்துக் கடைக்காரரும் ஒழுங்கா செய்யறதுதான். பக்கத்துக் கடையில மைதாவைக் கலந்தா இவர் பேரும் சேர்ந்து நாறும். இவர் முதல்ல உட்கார்ந்து பேச வேண்டிய ஆளு பெயிண்ட் கடைக்காரரா, இன்னொரு பால்கோவாக்காரரா? ஒரு குழுவுல ஒரே ஒரு பால்கோவாக்காரர்ங்கற விதி அந்த ஆளைத்தான் முதல்ல வெளிய நிறுத்துது.

சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் வாங்க. ஊரு முழுக்க பேண்டேஜ் துணி. ஒருத்தர் நூல் எடுப்பார், ஒருத்தர் பாவு ஓட்டுவார், ஒருத்தர் நெய்வார், ஒருத்தர் வெளுப்பார், ஒருத்தர் வெட்டிச் சுருட்டிப் பெட்டி போடுவார். பத்துத் தறிக்காரனுக்கு அம்பது தறி ஆர்டர் வந்தா என்ன செய்வான்? பக்கத்துத் தறிக்காரன்கிட்டதான் ஓடுவான். நூல் விலை ஏறினா யாரோட சேர்ந்து கத்துவான்? அதே பக்கத்துத் தறிக்காரன். சுந்தரபாண்டியத்துல கைத்தறிச் சேலை நெய்யறவருக்கும் இதே கதைதான். கொத்தாத் தொழில் செய்யற ஊர்ல போட்டியாளன்தான் முதல் கூட்டாளி. அவனை வெளிய நிறுத்திட்டு உள்ள உட்கார்ந்து இட்லி சாப்பிடறதுக்குப் பேரு தொடர்பாம்!

படிச்சவங்க என்ன சொல்றாங்க?

'நீ சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றே'ன்னு யாராவது கிளம்புவீங்க. அதுக்குத்தான் ரெண்டு ஆராய்ச்சி.

மார்க் கிரானோவெட்டர்ங்கற சமூகவியல்காரர் 1973-ல ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்ங்கற ஊர்ல வேலை மாறினவங்களைப் போய்க் கேட்டார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட 'அவரை எத்தனை நாளைக்கு ஒருக்கா பார்ப்பீங்க?'ன்னு கேட்டிருக்கார். அடிக்கடி பார்க்கற ஆள் மூலமா வேலை கிடைச்சது நூத்துக்கு ஏறக்குறைய 17 பேருக்குத்தான். மீதி 83 பேருக்கு எப்பவாவது பார்க்கற ஆள், இல்ல வருஷத்துக்கு ஒருதடவையோ அதுக்கும் குறைவாவோ பார்க்கற ஆள் மூலமாத்தான். காரணம் எளிசு. தினம் பார்க்கறவனுக்குத் தெரிஞ்சது எல்லாம் உனக்கும் தெரியும். புதுச் செய்தி தூரத்து ஆள்கிட்டதான் இருக்கும். அப்போ வாராவாரம் அதே ஆட்களை, அதே ஓட்டல்ல, அதே பொங்கலோட பார்த்தா என்ன புதுச் செய்தி வரும்?

சரி, புது ஆட்கள் நிறைய வர்ற கூட்டத்துக்குப் போறேங்கறீங்களா? பால் இங்கிராம், மைக்கேல் மாரிஸ்னு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டு பேர், 2007-ல வெளிவந்த ஆராய்ச்சி. சுமார் நூறு நிர்வாகிகளை ஒரு கலந்துபேசற நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டு, யார் யாரோட பேசறாங்கன்னு கண்டுபிடிக்க ஆளுக்கொரு மின்னணு அட்டையை மாட்டி விட்டாங்க. போறதுக்கு முன்னாடி கேட்டப்போ பெரும்பாலானவங்க 'புது ஆளுங்களைப் பார்க்கணும்'னுதான் சொன்னாங்க. உள்ள போனதும்? ஏற்கனவே தெரிஞ்சவனைத் தேடிப் போய்த்தான் நின்னாங்க. நியூயார்க்ல கோட்டு போட்டவனே தெரிஞ்ச முகத்தைத் தேடிப் போறான். நம்ம ஊர்ல 'எந்தத் தெரு'ன்னு கேட்காம இருப்பானா?

ஆக, ஆட்களை ஒரு ஹால்ல அடைச்சா தொடர்பு தானா வந்துடாது. யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அறிமுகம் செய்யணும். அந்த ஒருத்தர் யாரு, அவருக்கு என்ன லாபங்கறதுதான் கேள்வி. அதுக்கு நம்மகிட்ட மொய்யை விடப் பழகின இன்னொரு சொல்லு இருக்கு.

மகமை

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கம் நாடார் உறவின்முறைகள் என்ன செஞ்சாங்கன்னு உங்க தாத்தாக்களைக் கேளுங்க. யாவாரத்துல ஒரு சிறு பங்கை மகமைன்னு ஒதுக்கிப் பொது நிதியில போட்டாங்க. அந்தப் பொது நிதியிலதான் பேட்டை, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம். காமராஜர் படிச்ச விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்தின பள்ளிக்கூடம். 1921-ல தூத்துக்குடியில நாடார் பேங்க்னு ஆரம்பிச்சது 1962-ல தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்னு பேர் மாறி இன்னிக்கும் நடக்குது. சேர்ந்து போட்ட பணத்துக்கு இருக்கற ஆயுசைப் பாருங்க.

மொய்க்கும் மகமைக்கும் என்ன வித்தியாசம்? மொய் ஆளுக்கு ஆள். உன் பேரு, என் பேரு, நோட்டு. மகமை பானைக்கு. நீ போடறது யாருக்குப் போகுதுன்னு உனக்குத் தெரியாது. உன் ஒரு பிடி அரிசியில எந்தப் பிள்ளை படிச்சுதுன்னு கேட்டு அவன் வீட்டு வாசல்ல போய் நிக்க மாட்டே.

இருங்க, உடனே 'ஆஹா, பொற்காலம்'னு கைதட்டாதீங்க. அந்தப் பானைக்கு மூடி இருந்துச்சு. சாதிங்கற மூடி. இராஜபாளையத்துல ராஜுக்களோட கோட்டைகளும் சாவடிகளும் அப்படித்தான். சாவடியில உட்கார்ந்தா ஊரு நியாயம், கல்யாணம், யாவாரம் எல்லாம் பேசி முடிஞ்சுடும். ஆனா சாவடித் திண்ணையில யாரு உட்காரலாம், யாரு கீழ நிக்கணும்ங்கறதுக்குக் கணக்கு உண்டு. உள்ளே இருந்தவனுக்கு அது கோட்டை, வெளியே இருந்தவனுக்கு அது சுவர். அந்த மூடியைத் திறக்க ஒரு வாய்ப்பா இந்தப் புதுக் கூட்டங்கள் வந்திருக்கணும். யாரு வேணும்னாலும் வரலாம், தொழில் மட்டும்தான் கேள்வின்னு. என்ன ஆச்சு? மூடியை அப்படியே வச்சுக்கிட்டாங்க, பானையைத் தூக்கிப் போட்டுட்டாங்க! சாதி போகல, பொதுநிதி போயிடுச்சு. இதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல.

'ஆனா யாவாரம் வருதேப்பா'

வருது. நான் இல்லைன்னு சொல்லல. எனக்குத் தெரிஞ்ச ஒரு மின்சார வேலைக்காரர் இந்த மாதிரி குழுவுல சேர்ந்து ரெண்டு வருஷத்துல நல்லா வந்துட்டார். கூட்டத்துல எழுந்து பேசற பயம் போச்சு, பில் போட்டு ஒழுங்கா கணக்கு எழுதப் பழகிட்டார். நல்ல விஷயம்தான், வாழ்த்துகள்.

ஆனா அவரையே கேட்டேன். 'உங்களுக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவுண்ணே?' முகம் சுருங்கிடுச்சு. பெரிய பாக்கி எல்லாம் யாருகிட்ட? அதே குழு ஆளுங்ககிட்ட! 'கேட்க வேண்டியதுதானே?' 'எப்படிப்பா கேட்கறது, தொடர்பு கெட்டுடுமே.'

2006-ம் வருஷத்து சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் என்ன சொல்லுது? பதிவு செஞ்ச குறு, சிறு தொழில்காரர்கிட்ட பொருளோ வேலையோ வாங்கினா, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்ல பணம் கொடுக்கணும். தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற வட்டியைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. சட்டம் இருக்கு. அதைக் கையில எடுத்தா 'தொடர்பு' போயிடும். அப்போ இந்தத் தொடர்பு வாய்க்குப் போட்ட பூட்டா, திறந்த கதவா? மேடையில கையை அழுத்திக் குலுக்கிட்டு, கீழ வந்து ஆறு மாசம் பில்லை இழுக்கறவரை நான் நல்ல தொடர்புன்னு ஒத்துக்க மாட்டேன். கைகுலுக்கத் தெரியாத, சிரிக்கக் கூடத் தெரியாத, முப்பதாம் நாள் பணத்தை எண்ணி வைக்கற சிடுமூஞ்சி அண்ணாச்சிதான் எனக்கு நல்ல தொடர்பு.

சரி, என்னதான் செய்யணும்கறே?

திட்டறது சுலபம், அதனால இதையும் சொல்லிடறேன். இராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ யாராவது கூட்டம் போட்டா இப்படிப் போடுங்க.

1. ஓட்டல் வேண்டாம், ஏழு மணி வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பொது இடம், டீ மட்டும். 1949-லிருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்தை ஆண்ட குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டுப் போன ஊரு இது. உட்கார இடம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றவங்க கூட்டிட்டு வரட்டும்.

2. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் இல்ல, ஒரு தொழிலுக்கு ஒரு மேஜை. முதல் அரை மணி அவங்கவங்க தொழில்காரங்களோட உட்காருங்க. நூல் விலை, பாக்கிக்காரன் பட்டியல், நல்ல மெக்கானிக் யாரு எல்லாம் பேசுங்க. அப்புறம் மேஜை மாறுங்க.

3. 'நான் இதை விக்கறேன்'னு ஆரம்பிக்காதீங்க. 'எனக்கு இது தெரியல, யாருக்காவது தெரியுமா?'ன்னு ஆரம்பிங்க. விக்க வந்தவனைப் பார்த்தா நாம பின்வாங்குவோம். வழி கேட்டவனுக்கு வேலையைப் போட்டுட்டு வந்து வழி சொல்ற ஊரு நம்ம ஊரு.

4. பழைய ஆளு ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு புது ஆளைக் கூட்டிட்டு வரணும். விதி ஒண்ணே ஒண்ணுதான்: அவர் உங்க தெரு, உங்க சாதி, உங்க சொந்தமா இருக்கக் கூடாது. 'என் பேரைச் சொல்லு'ன்னு அனுப்பறது போதாது. முதல் ஆர்டருக்கு அவர்கூடவே நடந்து போகணும். பேரைச் சொல்லி அனுப்பினா வாசல் வரைக்கும்தான். கூடப் போனாத்தான் உள்ள நாற்காலி கிடைக்கும்.

5. கணக்கு வைங்க, வேண்டாங்கல. ஆனா யார் யாருக்கு எத்தனை ஆள் அனுப்பினாங்கன்னு வேண்டாம். இந்த வருஷம் எத்தனை புது ஆளுக்கு முதல் ஆர்டர் கிடைச்சுது, அதுல எத்தனை பேருக்கு 45 நாளைக்குள்ள பணம் வந்துதுன்னு எழுதுங்க. பெயரில்லாம, மொத்தமா. பலகையில போட்டு மாட்டுங்க.

6. யாவாரம் கிடைச்சவங்க ஒரு சின்னப் பங்கைப் பொதுவுல போடுங்க. முதல் மெஷின் வாங்கறவனுக்கோ வாங்கறவளுக்கோ அது முன்பணம். பழைய பேரையே வைங்க, மகமைன்னு. மூடியை மட்டும் எடுத்துடுங்க.

இந்த ஆறுல ஒண்ணு கூட எனக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரல. எல்லாம் இந்த ரெண்டு ஊர்லயும் ஏதோ ஒரு மூலையில ஏற்கனவே நடந்துக்கிட்டு இருக்கற விஷயம்தான். கோட்டு போடாம நடக்கறதால யாரும் அதுக்கு நெட்வொர்க்கிங்னு பேர் வைக்கல. அவ்வளவுதான்.

அடுத்த தடவை யாராவது உங்களுக்கு அந்தப் பத்துக் கட்டளையை அனுப்பினா திருப்பி ஒரே ஒரு கேள்வி அனுப்புங்க. 'உங்களால எந்தக் காலத்துலயும் எனக்குத் திருப்பிச் செய்ய முடியாதுன்னு தெரிஞ்சும், நீங்க கூட நடந்து போய்க் கதவைத் தட்டினது யாருக்கு?' பேர் சொல்ல வேண்டாம். எண்ணிக்கை சொன்னா போதும். ஆடிப்பூரத் தேர் வடத்தைப் பிடிக்கும்போது பக்கத்துல பிடிக்கறவன் எந்தத் தெருன்னு கேட்டுக்கிட்டு நின்னா தேரு நகராது.

டிஸ்கி 1: எந்தக் குழுவுல இருக்கற எந்த நண்பர் மனசையும் புண்படுத்த இல்ல. சண்டை விதியோட, ஆளோட இல்ல. ஆட்டோ அனுப்பறவங்க முன்கூட்டியே சொன்னா டீ சொல்லி வைப்பேன்.

டிஸ்கி 2: மேலே சொன்ன பேண்டேஜ் தம்பி இப்போ நாலு தறி ஓட்டறான். முதல் பெரிய ஆர்டர் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். பக்கத்துத் தறிக்காரர், கையில வேலை தாங்காம, பாதியை இவன்கிட்ட தள்ளி விட்டாராம். அதாவது, விதிப்படி உள்ள வரக்கூடாத அந்தப் போட்டியாளர் :-)